85 ஆயிரம் ரூபாய் ஜென்: அலாய் வீலுக்கு முன்னால் தகரத்தைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி (2025 கடைசியில் வந்தது): அண்ணாச்சி, எனக்கு வயது 24. அம்பாசமுத்திரம் பக்கம் ஊர், கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை. தூத்துக்குடியில் ஒரு மாருதி ஜென் பார்த்து வைத்திருக்கிறேன். பெட்ரோல், 2006 பிப்ரவரி பதிவு, டி.என். 69, மூன்றாவது ஓனர், மீட்டரில் 61,000 கி.மீ. எஃப்.சி. (பதிவைப் புதுப்பிக்கும் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எல்லாம் கரண்ட், எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு என்கிறார்கள். 85 ஆயிரம் சொல்கிறார்கள். கையில் மொத்தம் ஒன்றரை லட்சம் இருக்கிறது. மீதி 65 ஆயிரத்தில் அலாய் வீல், லோவரிங் (வண்டியைத் தாழ இறக்குவது), சைலன்சர், எல்.இ.டி. ஹெட்லைட், கறுப்பு ஃபிலிம், மியூசிக் சிஸ்டம் எல்லாம் செய்ய ஆசை. எதை முதலில் செய்யலாம்? அப்பா, "பழைய இரும்புல எதுக்குல காசக் கொட்டுத?" என்று சத்தம் போடுகிறார்.

பதில்: தம்பிக்கு,

உங்கள் அப்பா சொன்னதில் பாதி தவறு. ஜென்னின் எஞ்சின் இரும்பே கிடையாது. பிளாக், ஹெட் இரண்டும் அலுமினியம். மீதிப் பாதி சரி. பாடி இரும்புதான், அதுவும் இருபது வருஷமாகத் தூத்துக்குடிக் காற்றைக் குடித்த இரும்பு. நீங்கள் ஆறு மாடிஃபிகேஷனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், எஞ்சினைப் பற்றி விற்பவர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், பாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஜென் மேல் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. 1993-இல் வந்து 2006 வரை ஓடிய மாடல். 993 சி.சி., நாலு சிலிண்டர், எடை 800 கிலோவுக்கும் குறைவு. மிதித்தவுடன் கேட்கும், வளைவில் தாழ உட்கார்ந்து திரும்பும். அந்த விலையில் அவ்வளவு கலகலப்பான வண்டி அப்புறம் அதிகம் வரவில்லை என்பது என் எண்ணம். பின்னால் அதே பேரில் வந்த எஸ்டிலோ வேறு வண்டி. ஃபில்டர், பிரேக், கிளட்ச், பெல்ட் எல்லாம் இன்றைக்கும் நெல்லையிலேயே கிடைக்கும். ஹெட்லைட், பம்பர், கதவுக் கண்ணாடிதான் தேடி அலைய வேண்டியவை. அதனால் பார்த்த வண்டியில் இவையெல்லாம் முழுசாக இருந்தால் நல்லது.

எஞ்சின் கல்லு மாதிரி என்பதை உண்மையென்றே வைத்துக்கொள்வோம். பொய்யாக இருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. ரிங், பேரிங் மாற்றி, ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சரிசெய்து, அதே எஞ்சினை இன்னும் பல வருஷம் ஓட்டலாம். தளம் அரித்த வண்டியை அப்படிச் செய்ய முடியாது. ஒரு இடத்தில் தகடு வெட்டி வெல்டிங் வைத்தால், அடுத்த மழைக்குப் பக்கத்து இடம் விடும். வெல்டிங் சூடு பட்ட ஓரம்தான் முதலில் துருப்பிடிக்கும். எனவே இந்த வயது வண்டியைத் தகரத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், தரையில் விரிக்க ஒரு பழைய சாக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். கதவுகளுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நீளமாக ஓடுகிறதே ரன்னிங் போர்டு, அதை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும். பட்டி அடைத்த இடம் தொப்பென்று கேட்கும். சத்தம் மாறுகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து அழுத்துங்கள். ஓனர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நுனி உள்ளே போனால் அந்த வண்டி வேண்டாம், விலை பேசவும் வேண்டாம். ஜாக்கி வைக்கும் இடத்தையும் தொட்டுப் பாருங்கள். அங்கே தகரம் அமுங்கியிருந்தால் யாரோ ஜாக்கி ஏற்றப் போய் அது உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

அப்புறம் பானட்டைத் திறந்து, முன் ஷாக் அப்சார்பர் மேலே வந்து போல்ட் ஆகும் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். மேலாகப் பழுப்பு ஏறியிருந்தால் பயமில்லை. தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தால் நின்றுவிடும். அடுக்கடுக்காக உரிந்து நகத்தோடு வந்தால் அது வேறு கதை. பின் சக்கரத்து மட்கார்டின் உள்விளிம்பு, ஸ்டெப்னிக் குழி, டிரைவர் காலடித் தளம் ஆகியவற்றையும் விடாதீர்கள். அடியில் புதுசாகக் கறுப்புக் கோட்டிங் பளபளவென்று அடித்திருந்தால், அது எதை மூடுகிறது என்று கேளுங்கள். விற்கப் போகிற வண்டிக்கு யாரும் பாசத்தில் கோட்டிங் அடிக்க மாட்டார்கள். அடியில் ஓடும் பிரேக் பைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அது இரும்புக் குழாய், உப்பு அதைத்தான் ருசி பார்க்கும்.

தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி பக்கத்து வண்டிகளில் உள்ள சிக்கல் என்னவென்றால், அரிப்பு வெளியே தெரிவது கடைசியில்தான். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ரன்னிங் போர்டு மாதிரி மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் அது உட்கார்ந்து உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். பெயின்டில் சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். கடலை விட்டுத் தள்ளி, ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் நின்ற அதே வயது வண்டி பெயின்ட் வெளுத்துப் பார்க்கக் கேவலமாக இருக்கும், தட்டினால் தகரம் கணீரென்று நிற்கும். நானாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன். நீங்கள் ஒரே வண்டியைப் பார்த்துவிட்டு மனசைக் கொடுத்திருக்கிறீர்கள். டி.என். 72, 76 (நெல்லை, தென்காசி) வண்டிகளில் இன்னும் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விற்பவரிடம் இன்னொன்றும் கேட்டே ஆக வேண்டும்: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த வண்டி எங்கே நின்றது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. தூத்துக்குடியில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை, இங்கே நெல்லை ஜங்ஷன் பக்கமும் மூழ்கித்தான் கிடந்தது. அப்போது மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, காயவைத்து, சீட்டுக்கு ஷாம்பூ போட்டு, சென்ட் பாட்டில் தொங்கவிட்டு இன்றைக்கும் ரோட்டில் ஓடுகின்றன.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சீட் பெல்ட்டை இழுக்க முடிகிற மட்டும் இழுங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழத்தில் மண் கறைக் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. விற்பனைக்குக் கழுவுகிறவர்கள் அவ்வளவு தூரம் இழுத்துக் கழுவுவதில்லை. சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, அது நகரும் தண்டவாளத்துக்குள் விரலை விடுங்கள். காய்ந்த வண்டல் ஒட்டும். டிரைவர் பக்கத்து கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடிப்பஞ்சை முகர்ந்து பாருங்கள். ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்த பின்கள் இருந்தாலும் அதே கதைதான். கியர் ஆயில் பிளக்கைத் திறக்க அனுமதித்தால் திறந்து பாருங்கள். பால் கலந்த நிறத்தில் வந்தால் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கிறது. மூழ்கிய வண்டி ஓடவே ஓடாது என்று நான் சொல்லவில்லை. ஓடும். ஆனால் இன்றைக்கு ஹாரன், நாளைக்கு ஸ்டார்ட்டர், மறுநாள் வீல் பேரிங் என்று உங்கள் சம்பளத்தைச் சாப்பிட்டுக்கொண்டே ஓடும்.

தகரம் தேறிவிட்டது என்றால் எஞ்சினுக்கு வாருங்கள். காலை ஏழு மணிக்கே வருகிறேன், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ எழுப்பிவிட்டார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பச்சையோ சிவப்போ கூலன்ட் நிறம் தெரிந்தால் ஒழுங்காக வைத்திருந்த ஆள். துருநிறத் தண்ணீர் என்றால் வருஷக்கணக்காகப் போர்வெல் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள், உள்ளே உப்புப் படிந்து குழாய்கள் பாதி அடைத்திருக்கும். மேலே எண்ணெய் மிதந்தால், அல்லது ஆயில் மூடியின் அடியில் வெள்ளைப் பாலாடை ஒட்டியிருந்தால், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அலுமினிய ஹெட் ஒரு முறை நன்றாகக் கொதித்தால் வளைந்துவிடும். ஸ்டார்ட் செய்த பிறகு புகையைப் பாருங்கள்: நீலம் என்றால் ஆயில் எரிகிறது, சூடான பிறகும் வெள்ளையாகவே வந்தால் கூலன்ட் எரிகிறது. நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவிகிதத்துக்குள் இருந்தால் போதும்.

கூலிங் விஷயத்தில் நம் பக்கத்துப் பட்டறைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு அதில் கடுப்பு உண்டு. வண்டி சூடாகிறது என்றால் உடனே தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி வீசிவிட்டு, ஃபேனை டைரக்டாக இணைத்துவிடுவார்கள். சாவி போட்டதுமே ஃபேன் சுற்றினால் அந்த வேலை நடந்திருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகத் தள்ளும். மைலேஜ் விழும், சிலிண்டர் தேயும். அடைத்த ரேடியேட்டர் அடைத்தபடியேதான் இருக்கும். சில நூறு ரூபாய் சாமானை மிச்சப்படுத்தி எஞ்சினைக் கெடுக்கிற வேலை. அப்படி இருந்தால் வண்டியை ஒதுக்க வேண்டாம், விலையில் குறைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் 61,000 என்பதை நான் நம்பவில்லை. இருபது வருஷத்தில் அது வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஆகிறது. டாக்டர் மட்டும் கிளினிக்குக்கு ஓட்டின வண்டி என்று ஒரு கதை கட்டாயம் வரும். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் மேல்பகுதி, டிரைவர் சீட்டின் வலது ஓரம் மூன்றும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். மீட்டரைத் திருப்புகிறவன் பெடல் ரப்பரை மாற்ற மறந்துவிடுவான். எது எப்படியானாலும் ஒன்றேகால் லட்சம் ஓடிய வண்டி என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இனி "எல்லாம் கரண்ட்" என்ற பேச்சுக்கு வருவோம். 2006 பிப்ரவரி பதிவு என்றால் 15 வருஷம் 2021 பிப்ரவரியில் முடிந்து, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்திருப்பார்கள். அது 2026 பிப்ரவரியில் முடிகிறது. ஆக கரண்ட் என்பது உண்மை, ஆனால் சில மாதத்துக்குத்தான். அவர் இப்போது விற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து 15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்துக்குப் பிறகு 20 வயது தாண்டிய காருக்கு 10,000. இதற்கு மேல் பசுமை வரி இருக்கிறது. இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த லைட், பிரேக், பெயின்ட் வேலையும் இருக்கிறது. முடியும் தேதிக்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். ஆகவே, எஃப்.சி.யை எடுத்துக் கொடுத்தால் ஒரு விலை, எடுக்காமல் கொடுத்தால் ஒரு விலை என்று பேசுங்கள். எடுத்துக் கொடுத்தால் உங்களுக்கு ஐந்து வருஷம் நிம்மதி.

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதிகளைச் சரிபாருங்கள். ஈ-சலான் பாக்கியையும் பாருங்கள். ஆர்.சி.யில் பேர் உள்ளவரும் உங்களிடம் பணம் வாங்குகிறவரும் ஒரே ஆளா? மூன்றாவது ஓனர் வண்டிகளில் இது பெரும்பாலும் இடிக்கும். யாரோ ஒருவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார், வண்டி இரண்டு கை மாறி வந்திருக்கும். படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்.சி. ஓனர் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஆர்.சி.யில் பைனான்ஸ் ஏறியிருந்தால் படிவம் 35-ம் கடன் முடிந்த கடிதமும் வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பேர் இருப்பவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. இதை அந்த ஓனரிடம் சொன்னீர்களானால் அவரே உங்களுக்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்து நிற்பார். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது.

சரி, 65 ஆயிரம். அது மாடிஃபிகேஷன் பணம் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். நான் போடும் கணக்கு இது: வண்டியை 60 ஆயிரத்துக்கு முடித்தால் கையில் 90 ஆயிரம் இருக்கும். எஃப்.சி., பேர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் 20 ஒதுக்குங்கள். நாலு டயருக்கு சுமார் 14. கூலிங், பிரேக், பெல்ட், ரப்பர் வேலைக்கு 20. பத்தாயிரத்தைத் தொடாமல் வைத்திருங்கள், இந்த வயது வண்டி முதல் மூன்று மாதத்தில் அதைக் கேட்கும். மீதி 25, 26 ஆயிரம்தான் உங்கள் ஆசைக்கு.

வண்டி வீட்டுக்கு வந்த வாரமே டைமிங் பெல்ட்டை மாற்றுங்கள். எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்றுதான் அர்த்தம். அதே கையோடு டென்ஷனர், வாட்டர் பாடி (வாட்டர் பம்ப்) இரண்டையும் மாற்றினால் கூலி ஒன்றுதான். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, புதுத் தெர்மோஸ்டாட் போட்டு, டிஸ்டில்டு வாட்டரோடு கூலன்ட் ஊற்றுங்கள். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க நல்லது, ரேடியேட்டருக்கு வேண்டாம். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். இன்றைக்குப் பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். 2006-இல் போட்ட ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. ஊறி, வெடித்து, சூடான எஞ்சின் மேல் சொட்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழசானால் அது கொதிக்கும் சூடு இறங்கிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வரை ஏறிப் போய், திரும்பப் புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது பெடல் மெத்தென்று உள்ளே போகும். புது ஆயில், முன்னால் புதுப் பேட், பின் டிரம்மைத் திறந்து சிலிண்டர் கசிகிறதா என்று ஒரு பார்வை, இவ்வளவும் பார்த்த பிறகு மலைக்குப் போங்கள்.

கூடவே லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர் மேல் மவுன்ட், எஞ்சின் மவுன்ட் ஆகிய ரப்பர் சாமான்களையும் மாற்றுங்கள். இருபது வருஷ ரப்பர் கல்லாகவோ களியாகவோ போயிருக்கும். சின்ன வயதில் பார்த்த ஜென்னின் சுறுசுறுப்பு வேண்டும் என்றால் காசு போக வேண்டிய இடம் இதுதான். ரப்பர் மாற்றி, அலைன்மென்ட் பார்த்துவிட்டு ஒரு முறை தெற்கு பைபாஸில் ஓட்டிப் பாருங்கள். லோவரிங் ஆசை அங்கேயே பாதி குறைந்துவிடும்.

குறையாவிட்டால் கேளுங்கள்: ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெட்டிய ஸ்பிரிங் பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இடத்தை விட்டு நழுவும். அதோடு நீங்கள் இருக்கும் ஊரைப் பாருங்கள். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று வருகிற வழியில் ஊருக்கு ஊர் வேகத்தடை. ஒவ்வொன்றிலும் சைலன்சரை உரசிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

அலாய் வீல் போடலாம், ஆனால் 13 இன்ச்சிலேயே. காரணம் கணக்கில் இருக்கிறது. கம்பெனி டயர் 145/70 ஆர் 13. ரிம் 330 மி.மீ., பக்கச்சுவர் 145-இல் 70 சதவிகிதம், மேலும் கீழும் சேர்த்து 203, மொத்த உயரம் 533. அதே ரிம்மில் 155/65 போட்டால் 532 வரும். அகலம் கொஞ்சம் கூடும், உயரம் மாறாது, எதிலும் உரசாது. 15 இன்ச் ரிம்மில் 195/50 போட்டால் 576, அதாவது எட்டு சதவிகிதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 86-இல் போய்க்கொண்டிருக்கும், முதல் கியரில் இழுவை செத்துப் போகும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் மட்கார்டைக் கீறும். போல்ட் ஓட்டைகள் பொருந்தவில்லை என்று அடாப்டரோ ஸ்பேசரோ போட்டு மாட்டித் தருகிறேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். டயர் வாங்கும்போது பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 1419 என்றால் 2019-ஆம் வருஷம் 14-ஆவது வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல்வரி) தேயாத பழைய டயரைவிட ஆபத்தான சாமான் கிடையாது.

ஹெட்லைட்டில் உங்கள் ஆசைக்கு நான் கட்சி. ஆனால் எல்.இ.டி. பல்ப் வேண்டாம். ஜென்னின் ஹெட்லைட் கண்ணாடி ஹாலஜன் பல்புக்காக வடிவமைத்தது. அதில் எல்.இ.டி.யைச் செருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிற பைக்காரன் கண்ணைக் குத்தும், உங்கள் ரோடு இருட்டாகவே இருக்கும். பழைய வண்டியில் லைட் மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பல்பு இல்லை. ஸ்டியரிங் சுவிட்ச் வழியாகச் சுற்றி வரும் மெல்லிய, பழைய வயர்தான். பேட்டரியில் 14 வோல்ட் இருக்கும்போது பல்பு முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள், 12.5 காட்டினால் ஆச்சரியமில்லை. பத்து சதவிகித வோல்ட் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சத்தில் முப்பது சதவிகிதம் போய்விடும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, ஃபியூஸ் வைத்து, இரண்டு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மாட்டினால் அதே 60/55 வாட் பல்பு புதுசு மாதிரி எரியும். செலவு ஒன்றரை, இரண்டாயிரம். ஆறிலும் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். ரிலே போடாமல் 100 வாட் பல்பை மட்டும் மாட்டினால் ஹோல்டர் உருகும்.

சைலன்சரில் சத்தம் கூடுமே தவிர ஒரு லிட்டர் எஞ்சினில் சக்தி கூடாது. சத்தத்துக்கும் புகைக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கறுப்பு ஃபிலிமை 2012-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்த பிறகும் ஒட்டுகிறார்கள், கிழிக்கிறார்கள். கண்ணாடி முன்னும் பின்னும் 70 சதவிகிதமும் பக்கவாட்டில் 50 சதவிகிதமும் வெளிச்சம் விட வேண்டும். பொதுவாகவே, கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. சட்டத்துக்குப் புறம்பான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சட்டத்தில் எழுதியே இருக்கிறது. நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். எஃப்.சி.க்கு நிற்கப் போகும் வண்டியில் இதையெல்லாம் செய்துவிட்டு, ஒரு நாளைக்காகக் கழற்றி மறுபடி மாட்டுகிற கூத்து உங்களுக்கு வேண்டாம்.

மியூசிக் சிஸ்டம் தாராளமாகப் போடுங்கள். பவர் வயரைப் பேட்டரியிலிருந்து எடுத்தால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். வயரை வெட்டி டேப் சுற்றுகிற ஆளிடம் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் எழுதாத ஒன்று: தினமும் வேலைக்கு இதில்தான் போவதாக நினைப்பா? உங்கள் ஊரிலிருந்து கங்கைகொண்டான் போய் வர நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். லிட்டருக்குப் பதினைந்து கொடுத்தாலும் ஒரு நாளைக்கு ஏழு லிட்டர், எழுநூறு ரூபாய். கம்பெனி பஸ் இருந்தால் அதிலேயே போங்கள். ஜென்னை ஞாயிற்றுக்கிழமைக்கும், மழை நாளுக்கும், அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாபநாசம், தென்காசி போவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை: தகரம் சுத்தம், மழையில் மூழ்கவில்லை, விற்பவரே எஃப்.சி. எடுத்துத் தருகிறார் என்றால் 75 வரை போகலாம். எஃப்.சி. உங்கள் தலையில் என்றால் 60-க்கு மேல் பேச வேண்டாம். அட்வான்ஸ் ஐந்தாயிரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், அதையும் ரசீதோடு கொடுங்கள். மீதியை ஆர்.சி. ஓனர் கையெழுத்துப் போட்டு, பேர் மாற்றத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, அவர் மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யையும் வாங்கி முடித்த பிறகு கொடுங்கள். வண்டியைப் பார்க்கப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். விலை பேச அவரைப் போல ஒரு ஆள் பக்கத்தில் நிற்பது உங்களுக்கு நல்லது.